மலையில் முந்துவது எதற்கு?

திருவண்ணாமலைக்குக் கூட்டமாக சைக்கிளில் வருகிறவர்கள் பெரும்பாலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவிட்டு, இட்லி சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மெனக்கெட்டுப் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால்தான் கால்களுக்கும் நட்புக்கும் சோதனை. சமவெளியில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் ஏற்றத்தில் நெல்லிக்காய் மூட்டையாய்ச் சிதறுவார்கள். முன்னே போனவர் ஸ்ட்ராவா செயலியில் நேரம் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஆள் பஞ்சரான டியூபோடு காட்டுக்குள் தனியே நிற்பார்.

எனக்கு பிரெவே என்கிற நெடுந்தூர சைக்கிள் பயண மரபுதான் பிடிக்கும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும்; முதலிடம் என்ற ஒன்றே கிடையாது. மலையிலும் அப்படித்தான் ஓட்ட வேண்டும். கூட்டத்திலேயே திறமையானவர் கடைசி ஆளுக்குப் பின்னால் வரட்டும். மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் எல்லோரும் சேர்ந்த பிறகே அடுத்த மிதி. காத்திருக்கிற நேரத்தில் அங்கே சாமையும் தேனும் வாங்கலாம். (ஜெல் பாக்கெட் உறைகளைக் காட்டில் வீசுகிறவர்களை மலை ஏறவே விடக்கூடாது என்பது என் கட்சி.)

இன்னொன்று. அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கின்றன. இருட்டை நம்பி வைத்தது அது. கண்கூசும் ஹெட்லைட்டுகளோடு அந்தப் பக்கம் இரவுப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பகலிலேயே போய்வரட்டும்.