மறுகுடியமர்வுப் பகுதிகளில் கணினி கற்பிக்க நிலையான அறை: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: சென்னை மறுகுடியமர்வுப் பகுதிகளில் இலவசக் கணினிப் பயிற்சி நடத்தும் தன்னார்வலர் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், சென்னை.

பொருள்: வாரியக் குடியிருப்புகளில் தன்னார்வக் கணினிப் பயிற்சிக்கு அறை, மின் இணைப்பு, கழிவு செய்யப்பட்ட அலுவலகக் கணினிகள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வாரியக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை நாள் மாலைகளிலும் கணினி கற்பிக்கும் தன்னார்வலர்கள் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். முதன்மையாக நாங்கள் கேட்பது, ஒவ்வொரு பெரிய குடியிருப்பிலும் எழுத்துப்பூர்வ ஆணையுடன் ஓர் அறை. மின்சாரமும் பழைய கணினிகளும் அதற்கு அடுத்தபடிதான். நிதியுதவியோ மதிப்பூதியமோ எங்கள் கோரிக்கையில் இல்லை. ஓர் அறைக்கு இத்தனை பக்கமா என்று தோன்றலாம். இத்தகைய பயிற்சிகள் நிலைப்பதும் கலைவதும் அந்த அறையைப் பொறுத்தே என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

நகரத்தில் இருப்பவர் எப்படியும் கணினி கற்றுக்கொள்வார் என்ற எண்ணம் அரசுத் திட்டங்களில் நெடுநாளாகப் படிந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி கிராமின் டிஜிட்டல் சாக்ஷரதா அபியான் என்ற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், குடும்பத்துக்கு ஒருவர் என 6 கோடி ஊரகக் குடும்பங்களை இலக்காகக் கொண்டது. 6 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்து 2024 மார்ச்சில் அது முடிந்தது. ஊரகத்தை முன்னிறுத்தியதில் குறை காண மாட்டோம். ஆனால் சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் வசிக்கும் குடும்பத்துக்கு அதில் இடமில்லை; அதே அளவில் நகர்ப்புறத்துக்கென்று ஒரு திட்டமும் வரவில்லை. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, கணினி வைத்திருந்த ஊரகக் குடும்பங்கள் 4.4 சதவீதம், நகர்ப்புறக் குடும்பங்கள் 23.4 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் நகரம் ஐந்து மடங்கு முன்னே நிற்கிறது. அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், நகரக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேல் கணினி இல்லை. பெண்கள் நிலை இன்னும் பின்தங்கியது. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் நகர்ப்புற ஆண்களில் 72.5 சதவீதம், பெண்களில் 51.8 சதவீதம் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. இவை நாடு முழுமைக்குமான சராசரிகள். சென்னையில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அவர்களிடையே நிலைமை இந்தச் சராசரிகளைவிட மேலாக இருக்க வழியில்லை.

கணினி நிறுவனங்களுக்கான டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். கண்ணகி நகரில் குடும்பங்களைக் கொண்டுவந்து அமர்த்தத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் சேர்ந்தன. பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களும் இக்குடியிருப்புகளும் ஒன்றுக்கொன்று அண்டையில் வளர்ந்தவை. குடியிருப்புப் பெண்கள் பலர் அந்தக் கட்டடங்களுக்குள் அன்றாடம் போகிறார்கள், துப்புரவுப் பணிக்கு. அங்கே பணிபுரியும் பொறியாளர்களில் சிலர் ஞாயிறு காலையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆகவே கற்பிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கிடைக்காதது இடம். கண்ணகி நகரின் தொடக்ககால வீடுகள் ஏறத்தாழ 200 சதுர அடி. அதில் ஒரு குடும்பமே நெருக்கிக்கொண்டு வாழும்போது மேசை போடுவது எங்கே? கிராமத்தில் ஊராட்சிக் கட்டடமோ கோயில் மண்டபமோ கிடைத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பூட்டு உள்ள பொது அறை என்பது அரிது. இருப்பதும் வாய்மொழி அனுமதியில்தான் திறக்கும். வாய்மொழி அனுமதி, கொடுத்த அதிகாரியின் மாறுதலோடு முடிந்துபோகும். அதன்பின் கணினிகள் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஏறும், வகுப்பு நின்றுவிடும், கற்றுக்கொண்டிருந்தவர் பாதியில் கைவிட்டதை மறந்துபோவார். தன்னார்வப் பயிற்சி நீடிப்பதில்லை என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

எல்லோரிடமும்தான் செல்பேசி இருக்கிறதே, தனியாகக் கணினி எதற்கு என்பது முதலில் எழும் ஆட்சேபம். செல்பேசியால் பணம் அனுப்பலாம், படம் பார்க்கலாம், வழி கேட்கலாம். தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்கும்போது நிழற்படத்தையும் கையொப்பத்தையும் சொன்ன அளவில் சுருக்கிப் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் தடுமாறுகிறவர் பிரவுசிங் சென்டருக்குப் பணம் கட்டி, கடவுச்சொல்லையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். (இதனால் வரும் ஆபத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.) தட்டச்சர் பணிக்கு அரசே கேட்கும் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழை விரல் நுனியால் திரையைத் தள்ளிப் பெற முடியாது. ரசீது போடும் கடை வேலை, சரக்குக் கணக்கு, மருத்துவமனை வரவேற்பு மேசை என இப்பகுதி இளைஞர்கள் எட்டிப்பிடிக்கக்கூடிய பணிகள் எல்லாமே விசைப்பலகை சார்ந்தவை. தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையும் அப்படியே. பத்து விரல்களும் பழகினால்தான் அதன் பயன் தெரியும்.

ஏற்கெனவே திட்டங்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த ஆட்சேபம். 6,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. 2011 முதல் 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இருக்கிறது. மூன்றையும் மதிக்கிறோம். ஆனால் மூன்றுமே பெரும்பாலும் படிப்பில் நீடிப்பவரைச் சென்றடைபவை. பத்தாம் வகுப்போடு நின்றவருக்கும், வீட்டுவேலை முடித்து மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பெண்ணுக்கும், பெயின்ட் வேலைக்குப் போகும் இளைஞருக்கும் இவற்றில் வாசல் இல்லை. கருவியைக் கையில் கொடுத்தால் மற்றது தானே நடக்கும் என்பதும் சரியல்ல. பெரு நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அந்த ஒருவரை நாங்கள் தருகிறோம்.

அதிகாரிகள் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் ஆட்சேபமும் ஒன்று உண்டு. அறையைக் கொடுத்தால் அது சில மாதங்களில் கட்சி அலுவலகமாகவோ கட்டண டியூஷனாகவோ மாறிவிடும் என்ற அச்சம் அது. நியாயமான அச்சம். அதனால்தான் உரிமை கேட்காமல், ஓராண்டுக்கான பயன்பாட்டு அனுமதி கேட்கிறோம். வாரியமும் குடியிருப்போர் சங்கமும் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்ளட்டும். வகுப்பு நேரம் வாசல் பலகையில் எழுதப்படும், வருகைப் பதிவேடு யார் கேட்டாலும் காட்டப்படும், கட்டணம் வாங்கியதாகத் தெரிந்தாலோ தொடர்ந்து ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலோ அனுமதி ரத்தாகும் என்று ஆணையிலேயே சேர்க்கலாம். குழந்தைகள் வரும் இடம் என்பதால் தன்னார்வலர் ஒவ்வொருவரும் அடையாளச் சான்று அளித்துப் பதிவு செய்துகொள்ளவும், காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படவும் சம்மதிக்கிறோம். தன்னார்வலரை நம்பிக் கல்விப் பணியை ஒப்படைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அப்படித்தான் நடந்தது. கேரளம் 2025 ஆகஸ்டில் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தபோது, ஏறத்தாழ 21.87 லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்து முடித்திருந்தது. உள்ளாட்சிகள் தன்னார்வலர்களைத் திரட்டி நடத்திய வேலை அது. அங்கே கற்பித்தது முதன்மையாகச் செல்பேசிப் பயன்பாடு என்பதால் எங்கள் பாடத்துக்கு அது முன்மாதிரி ஆகாது. ஆனால் அரசும் தன்னார்வலரும் சேர்ந்து இயங்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று அண்மையில் இல்லை.

கணினிகள் குறித்து. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ ஏற்காத இயந்திரங்கள் இனி அலுவலகங்களில் வரிசையாகக் கழிவு செய்யப்படும். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் நன்றாக ஓடும். கூடுதல் ரேமும் ஓர் எஸ்எஸ்டியும் பொருத்தினால் போதும். அரசுத் தரவு வெளியே போய்விடும் என்ற கவலை இருந்தால் வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு தரலாம். பயன்படும் நிலையில் உள்ளவற்றை, மின்னணுக் கழிவாகக் கணக்கில் ஏறும் முன்பே, பதிவேட்டில் குறித்துப் பயிற்சி மையங்களுக்கு மாற்ற வழி செய்ய வேண்டுகிறோம். ஏழைக்குப் பழையதுதானா என்று எங்களிடமே சிலர் கேட்பதுண்டு. புதியது கிடைத்தால் மறுக்கப் போவதில்லை. எனினும் பழைய பெட்டியைத் திறந்து, பழுதைக் கண்டுபிடித்து, மீண்டும் மூடி இயக்கத் தெரிந்தவர் பெறும் தொழிலறிவு, பளபளப்பான புதிய இயந்திரத்தின் முன் உட்காருபவருக்கு வருவதில்லை. ஆயுட்காலம் முடிந்தவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை ஏற்கிறோம்.

பயிற்சி முடித்த அனைவருக்கும் வேலை என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. அப்படி வாக்களிக்கும் நிறுவனங்களைச் சந்தேகத்தோடு பார்க்குமாறே மாணவர்களிடம் சொல்கிறோம். தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பவும், தன் பட்டாவின் நிலையைத் தானே பார்க்கவும், ஒரு கடிதத்தைத் தமிழில் தட்டச்சிட்டு அனுப்பவும் முடிவது எங்கள் அளவுகோல்.

ஆகவே முதற்கட்டமாகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில், பெண்கள் மாலையில் அச்சமின்றி வந்துபோகத் தெருவிளக்கும் கழிப்பறையும் அருகில் உள்ள தரைத்தள அறை ஒவ்வொன்றை ஒதுக்கி ஆணையிடவும், அவற்றின் மின் இணைப்பு வணிகக் கட்டண வகையில் சேராதிருக்க மின்பகிர்மானக் கழகத்துக்குப் பரிந்துரைக்கவும், கழிவு செய்யப்படும் கணினிகள் குறித்துத் தகவல் தொழில்நுட்பவியல் துறையுடன் பேசி நடைமுறை வகுக்கவும் வேண்டுகிறோம். ஓராண்டு முடிவில் வாரியமே நேரில் ஆய்வு செய்து, பயனில்லை என்று கண்டால் அறைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அனுமதி ஆணையின் வரைவை இத்துடன் இணைத்துள்ளோம். அதைக் குறித்துப் பேச, கல்வியாண்டு தொடங்கும் முன் எங்கள் நிர்வாகிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்
சென்னை

நகல்: செயலாளர் அவர்கள், தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை, தலைமைச் செயலகம், சென்னை.