விளையாட்டை நிறுத்தச் சொல்பவர்களுக்கு



இரண்டு கிழமையாக வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ஓடும் விடயத்துக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறோம். வீரமுனையில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் பொடியன்மார் விளையாடும் கதை விளையாட்டை நாங்கள் நிறுத்தப் போவதில்லை. சம்மாந்துறைப் பொடியன்மாருக்கு ஒரு நாள், வீரமுனைப் பொடியன்மாருக்கு வேறொரு நாள் என்று பிரிக்கப் போவதும் இல்லை. அந்த யோசனையைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது மிக மோசமான யோசனை.

என்ன விளையாட்டு என்று தெரியாமலே பலர் எழுதுகிறார்கள். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் வழியில் வந்தது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். தாயக்கட்டை என்றதும் சிலருக்கு ஹதீஸ் ஞாபகம் வரும். நியாயமான கேள்விதான். இங்கே பந்தயமும் இல்லை, காசும் இல்லை. ஆனாலும் பேணுதலுக்காக எங்கள் மேசையில் கட்டை வைப்பதில்லை. ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிய அட்டைத் துண்டுகளை பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். தீர்ப்பு உலமாக்களின் வேலை, அதை ஸ்டேட்டஸில் முடிக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். கதையில் ஒரு கூட்டம் காட்டைக் கடந்து போகிறது. ஊரில் காய்ச்சல். மருந்து வாங்கச் சேர்த்த நூறு பொற்காசு வைத்தியர் பாத்திரத்திடம் இருக்கிறது. இரவு எல்லாரும் படுத்த பிறகு கள்ளன் பாத்திரம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வைத்தியராக விளையாடிய பொடியனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மற்றவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நான் என்ன செய்ற? என்ட ஆள் கள்ளன். கள்ளன் களவெடுப்பான்தானே."

அடுத்த கிழமை வைத்தியர் கள்ளனுக்கு நஞ்சு கொடுத்தார். அதற்கடுத்த கிழமை கதையே இல்லை, குரூப்பில் வொய்ஸ் மட்டும்தான். மூன்றாவது வொய்ஸில் பாத்திரங்களின் பெயர் போய்விட்டது, பொடியன்மாரின் பெயரும் போய்விட்டது. "அவன்ட ஆக்கள்", "உங்கட ஆக்கள்" என்று வந்துவிட்டது. அதைப் பிள்ளைகள் தொடங்கியிருக்கலாம், ஆனால் ஊர் முழுக்கப் பரப்பியது பெரியவர்கள். யார் கள்ளன், யார் வைத்தியர் என்று விசாரிக்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே எவன் எந்த ஊர் என்பதுதான். நாங்கள் சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டோம்.

"விளையாட்டுத்தானே, விடுங்க சேர்" என்று சொல்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அந்த நூறு காசு பொய்க்காசுதான். அதைச் சேர்க்க அந்தப் பொடியன் குந்தியிருந்த மூன்று பின்னேரம் பொய்யில்லை. "என் பாத்திரம் அப்படி" என்பது உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சாட்டு. பாத்திரத்தை எழுதியது யார்? கள்ளனாகவே இருக்கட்டும், அவன் வழியில் போகும் வியாபாரியிடம் எடுக்கலாம், அரண்மனையில் எடுக்கலாம். பக்கத்தில் படுத்திருப்பவனிடம் எடுக்கத் தீர்மானித்தது விளையாடும் பொடியன். அந்தத் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

இன்னொரு ஆலோசனையும் வந்தது: கதை நடத்துபவர் அடுத்த காட்சியில் கள்ளனைக் காவலர்களிடம் பிடித்துக் கொடுத்திருக்கலாமாம். வகுப்பில் பிள்ளை ஏன் அடித்தான் என்று கேட்காமல் பரீட்சையில் புள்ளியைக் குறைக்கிற ஆசிரியரை நாங்கள் பார்த்திருக்கிறோம். இதுவும் அதே வேலைதான். பிரச்சினை கதிரையில் இருக்கும் இரண்டு பேருக்கிடையில் இருக்கிறது. கதையை நிறுத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் இருவரோடும் கதைக்க வேண்டும். பாத்திரத்தைச் சிறையில் போட்டால் அந்தப் பொடியன் அடுத்த முறை பிடிபடாமல் எடுக்கப் பழகுவான்.

பாத்திரங்கள் மோதக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மோதல் இல்லாத கதையை யார் கேட்பார்? இருவரும் முன்கூட்டியே "சரி, மோதுவோம்" என்றால் அந்த விளையாட்டின் ருசியே அதுதான்.

இது அமெரிக்காவிலிருந்து வந்த புத்தியும் அல்ல. 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை இந்தக் கரையும் மட்டக்களப்புத்தான். அந்த மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டைப் பாருங்கள். ஊரே இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பார்கள். ஒருவரையொருவர் வைது பாடுவார்கள். சிங்களவர்களிடம் இதுவே அங்கெலிய, அங்கே பத்தினியும் பாலங்கவும் பூப்பறிக்கப் போய்க் கொக்கிகள் சிக்கிக்கொண்ட கதை சொல்வார்கள். கணவன் மனைவி இழுபறியை வைத்து ஒரு ஊரே சண்டை பிடிக்கிறது! ஆனால் யார் எந்தச் சேரி, எதை இழுப்பது, எப்போது முடிவது என்பதெல்லாம் வடத்தைத் தொடும் முன்பே எல்லாருக்கும் தெரியும். தூங்கும்போது வந்து யாரும் கொம்பை முறிப்பதில்லை. நமது சிலம்படியிலும் அப்படித்தான். எதிரே நிற்பவனுக்கு மரியாதை செய்துதான் கம்பைத் தூக்குவார்கள். அண்ணாவியார் நிறுத்து என்றால் கம்பு நிற்க வேண்டும்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் 1990. அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு என்ன நடந்தது, ஏறாவூரில் என்ன நடந்தது என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அதே ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை எத்தனை வாப்பாமார் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நம் பிள்ளைகள் ஒரு பாடசாலை, அவர்கள் பிள்ளைகள் இன்னொரு பாடசாலை. டியூசன் வேறு, மைதானம் வேறு. கோபித்து, பிறகு சமாதானமாகிப் பழக இவர்களுக்கு எந்த இடம் இருக்கிறது? முதல் சண்டையோடு மேசையைப் பிரித்தால் இவர்கள் படிக்கப்போகும் பாடம், மற்ற ஊர்க்காரனோடு கோபம் வந்தால் எழும்பிப் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான்.

இரண்டு பேரையும் போன செவ்வாய்க்கிழமை இருத்திக் கதைத்தோம், பெற்றோர் இல்லாமல். "காசை எடுத்ததற்கு இல்லை, நான் பேசாமல் இருக்க எல்லாரும் சிரிச்சதுக்குத்தான் கோபம்" என்றான் வைத்தியர். கள்ளனுக்கு அது தெரியவே தெரியாது. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு, "எனக்கும் சொல்லியிருக்கலாம்தானே" என்றான்.

இனிமேல் ஒருவரின் பாத்திரம் மற்றவரின் பாத்திரத்துக்குத் தீங்கு செய்வதென்றால் முதலில் அந்த ஆளிடம் கேட்க வேண்டும். அவன் வேண்டாம் என்றால் அந்தக் காட்சி இல்லை. மேசை நடுவில் ஓர் அட்டை இருக்கும், யார் அதைத் தொட்டாலும் காட்சி அதோடு நிற்கும், ஏன் என்று கேட்கக்கூடாது. ஜோன் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற அமெரிக்கர் உண்டாக்கிய முறை இது. குரூப்பில் வொய்ஸ் போடுவது ஒரு மாதத்துக்கு இல்லை.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கதை தொடரும். நூறு பொற்காசு இன்னும் கள்ளனிடம்தான் இருக்கிறது, ஊரில் காய்ச்சலும் குறையவில்லை. சந்தேகம் உள்ள பெற்றோர் வந்து பக்கத்தில் இருந்து பார்க்கலாம். கதிரை போதாது, பாய் விரிப்போம். போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.