குடிநீரின்றித் தோட்டம் காத்தல்

2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தமையால், கர்நாடக மாநிலத்தின் 236 தாலுகாக்களுள் 223 வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. அதனை அடுத்த கோடையில் பெங்களூர் நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. 2024 மார்ச் மாதத்தில் நகரக் குடிநீர் வாரியம், தோட்டங்களுக்குக் குடிநீர் பாய்ச்சுவதைத் தடை செய்து, மீறுவோர்க்கு ரூ. 5,000 அபராதம் விதித்தது. 2025 பிப்ரவரியிலும் இத்தகைய உத்தரவு பிறந்தது. பூங்கா நகரம் எனப் பெயர்பெற்ற ஊரில் இத்தடை பலருக்கு மனவருத்தம் அளித்தது. ஆயினும், உத்தரவு நியாயமானதே. அதனால் செடிகள் மடிய வேண்டும் என்பதுமில்லை.

முதலில், குடிநீரின் அருமையை நோக்குவோம். பெங்களூருக்கு வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து குழாய்களில் செலுத்தப்பட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்படுகிறது. ஆயிரம் லிட்டர் நீரை அவ்வளவு உயர்த்த, இயந்திரங்களில் நேரும் இழப்பு நீங்கலாகவே, சுமார் 1.4 யூனிட் மின்சாரம் தேவை. இவ்வாறு வந்து, சுத்தி செய்யப்பட்ட நீரைப் புல்தரைக்குப் பாய்ச்சுவதும், அதே ஊரில் தாய்மார்கள் குடங்களுடன் லாரியை எதிர்நோக்கி நிற்பதும் ஒருங்கே நிகழ்தல் தகாது.

இனி, தோட்டத்தைக் கைவிடுவதும் பிழையே. வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகளின் வழியே ஆவியாக வெளியேறுகிறது. அதனால் சுற்றுப்புறத்து வெப்பம் தணிகிறது. எனவே ஆராய வேண்டுவது, செடிக்கு உண்மையில் எவ்வளவு நீர் வேண்டும், எத்தகைய நீர் போதும் என்பதேயாகும்.

வீட்டுத் தோட்டத்தில் ஊற்றும் நீரில் கணிசமான பங்கு வேரைச் சேராமல், வெறும் மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிவிடுகிறது. பெங்களூரின் செம்மண் மேலே இறுகி ஓடுபோலாகும் இயல்புடையது. இதற்கு எளிய பரிகாரம் மூடாக்கு. சருகு, தேங்காய் நார், உலர்ந்த புல் ஆகியவற்றை இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பி, தண்டையொட்டிச் சிறிது இடம் விட்டால், மண் குளிர்ந்து ஈரம் நீடிக்கும். ஆனால் இந்நகரில் கோடையின் தொடக்கத்தில் மரங்கள் உதிர்க்கும் சருகுகள் தெருவோரங்களில் எரிக்கப்படுவதைக் காண்கிறோம். நீர் பற்றாத பருவத்தில், நீரைக் காக்கும் பொருளையே புகையாக்குவது விந்தையன்றோ!

நீர் விடும் முறையும் முக்கியமானது. தினமும் சிறிது தெளித்தால் வேர்கள் மேல்மண்ணிலேயே படரும். வெயில் கடுமையானதும் செடி துவளும். தரையில் வளரும் செடிகளுக்குச் சில நாட்களுக்கு ஒரு முறை, அதிகாலையிலோ மாலையிலோ, ஆழமாக நனைய விடுவதே சிறந்தது. மெருகிடாத மண்பானையை வேரருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், அது சிறுகச் சிறுகக் கசிந்து வேரை நனைக்கும். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சீன வேளாண்மை நூலொன்றிலும் இம்முறை கூறப்பட்டுள்ளது. வறண்ட நாட்களில் தழைச்சத்து உரத்தை நிறுத்துதல் நன்று. அது தூண்டும் இளந்தளிர்கள் மேலும் நீர் கேட்கும்.

எந்த நீர் போதும்? அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் செடிகளுக்கு ஏற்றது. துணி துவைத்த நீரில் ஒரு தடையுண்டு. சலவைத் தூள்களிலுள்ள சோடிய உப்புகள் நாளடைவில் மண்ணின் அமைப்பைக் கெடுக்கும். ஆகவே, இறுதியாக அலசிய நீரை மட்டும் பயன்படுத்துதல் வேண்டும். கீரை வகைகளுக்கு அதனையும் தவிர்த்தல் நலம். வடிகட்டும் இயந்திரம் கழிக்கும் நீர் உப்பு மிகுந்தது. அதனைத் தனியே தொடர்ந்து ஊற்றலாகாது.

மழை நீரையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நகரில் சராசரியாக ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர்க் கூரையில் விழுவது 90,000 லிட்டர். அதில் பாதி சேமிக்கப்படினும் சிறு தோட்டத்திற்குப் பேருதவியாகும். 2009ஆம் ஆண்டு முதல் குறிப்பிட்ட அளவுள்ள மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். சட்டத்தை நிறைவேற்றுவதற்காகக் குழாயை மட்டும் பொருத்துவதால் தொட்டி நிரம்பாது.

ஒக்கலிபுரம் போன்ற இடநெருக்கமுள்ள பகுதிகளில் தோட்டம் என்பது வாயிற்படியருகே நாலைந்து தொட்டிகளே. துளசியும் கற்றாழையும் கறிவேப்பிலையும் சமையலறைக் கழிநீரிலேயே செழிக்கும். தொட்டிகளை நெருக்கி வைத்து, பிற்பகல் வெயில் படாமல் காத்தாற் போதும். மாறாக, பரந்த புல்தரையோ கோடை முழுவதும் நீர் கேட்டுக்கொண்டேயிருக்கும். அவ்விடத்தில் நிழல் தரும் மரமும் வறட்சி தாங்கும் செடிகளும் வளர்ப்பது அறிவுடைமை.

அபராதத்திற்கு அஞ்சிக் கோடையில் மட்டும் கைக்கொள்ளும் சிக்கனம் முதல் மழையுடன் மறைந்துவிடும். சருகைச் சேர்ப்பதும், கழிநீரைப் பிரிப்பதும், மழையைத் தேக்குவதும் ஆண்டு முழுவதற்கும் உரிய பழக்கங்களாக வேண்டும். அவ்வாறாயின், அடுத்த வறட்சியில் எந்தத் தடையுத்தரவும் தோட்டம் வைத்திருப்போரை வருத்தாது.