கணக்குக் கேட்பது குற்றமா?

நோயாளியின் பணம் எங்கே போகிறதென்று கேட்கும் உரிமை மக்கள் தேர்ந்த அரசுக்கு உண்டா, இல்லையா? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர் நீதிமன்றம் 2016இல் அளித்த விடையை நாம் ஏற்க மறுக்கிறோம்.

வெர்மொன்ற் மாநிலம், சிகிச்சைக்குக் கொடுக்கப்படும் பணத்தின் விபரங்களைக் காப்புறுதியாளர் அனைவரிடமிருந்தும் திரட்டச் சட்டம் செய்திருந்தது. எங்கே எதற்கு எவ்வளவு வாங்கப்படுகிறது, தரம் எத்தகையது என்று ஒப்பிட்டறிவதே நோக்கம். தன் ஊழியரின் மருத்துவச் செலவைத் தானே பொறுப்பேற்றிருந்த லிபேர்ட்டி மியூச்சுவல் நிறுவனம் இதனை எதிர்த்து வழக்காடியது. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, அத்தகைய திட்டங்கள் மாநிலத்துக்கு இவ்விபரங்களைக் காட்டவேண்டியதில்லையென நீதியரசர் அறுவர் தீர்த்தனர், இருவர் மறுத்தனர்.

அச்சட்டம் எதற்காக எழுந்தது? தொழிலாளரின் ஓய்வூதியத்தையும் நலன்களையும் காப்பதற்காக! இன்று அதுவே முதலாளியின் கணக்கேட்டுக்குத் திரையாயிற்று. நோயாளியின் இரகசியம் பறிபோகும் என்பர் சிலர்; பெயரையும் முகவரியையும் வெளியிடுவதை வெர்மொன்ற் சட்டமே தடுத்திருந்தது. மாநிலத்துக்கொரு படிவம் பெருஞ்சுமை என்பர் வேறு சிலர். அங்ஙனமாயின் நாடு முழுவதற்கும் ஒரே படிவத்தை விதிக்கட்டும்; கணக்கையே மறைத்தல் அதற்குப் பரிகாரமாகாது.

விலையை அறியாத அரசு விலையை எவ்வாறு கட்டுப்படுத்தும்? 1974ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்களின் உரிமையை மீட்டளிப்பதே நேர்வழி.