வண்டலூர் காருக்கு ஆரணியில் ஒரு கிட்



பத்துப்பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை இரண்டு. இரண்டிலும் பிள்ளைகள் உருட்டி விளையாடும் சிறுதேர் வருகிறது. பட்டினப்பாலையில் அது மூன்று கால் தேர். முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, தேர் போகும் வழியை மறித்துக் கிடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருவது தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர். யாரும் ஏறிப் போக முடியாத அந்தத் தேரை உருட்டி உருட்டிக் களைத்த குழந்தைகள், பால் குடித்துத் தூங்கிப்போகிறார்கள். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது அது. நம் தொண்டை நாட்டுப் பாட்டு. உளிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கும் ஆசை வந்ததென்றால் அந்தத் தேரில் எத்தனை நுணுக்கம் இருந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

அந்த ஆசையை இன்றைக்கு அரசுப் பேருந்து மாடல் செய்யும் பையன்களிடம் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இவர்கள் நிறையப் பேர். ஃபோம் ஷீட், அட்டை, ஃபெவிக்விக், சின்ன எல்.இ.டி. விளக்கு, இவைதான் மூலப்பொருள். விழுப்புரம் கோட்டத்து வண்டி என்றால் அந்த நிறம், அந்த எழுத்து, அந்த வழித்தடப் பலகை, படிக்கட்டுக் கம்பி வரைக்கும் அப்படியே வரவேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். கைத்திறனில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் செய்த பேருந்து ஒன்றே ஒன்றுதான். ஜன்னல் சட்டத்தை எந்த அளவில் வெட்டினார், முன்கண்ணாடியின் வளைவை எப்படிக் கொண்டுவந்தார் என்பது அவரோடு நின்றுவிடுகிறது. இந்த மாதம் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன். அதற்குக் காரணம் இதுதான்.

மாடலுக்கும் கிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாடல் என்பது செய்து முடித்த வண்டி. கிட் என்பது ஒரு பெட்டி. அதில் உடல், அடிச்சட்டம், இருக்கை, சக்கரம், பம்பர் எல்லாம் தனித்தனியாக இருக்கும். கூடவே ஒரு செய்முறைத் தாள். வாங்குபவர் தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்துத் தானே முடிக்க வேண்டும். செய்கிற சந்தோஷத்தையே பெட்டியில் போட்டு இன்னொருவருக்குக் கொடுப்பது அது.

ஜப்பானின் டாமியா, இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் போன்ற கம்பெனிகள் இதில் பெயர் பெற்றவை. டாமியாவின் தலைவராக இருந்த ஷுன்சாகு டாமியா, போர்ஷே மாடலைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நிஜமான போர்ஷே 911 காரையே வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தவர். அந்த உழைப்பு 1976ல் 1:12 அளவு கிட்டாக வந்தது. ஆனால் இந்தக் கம்பெனிகள் எஃகு அச்சில் பிளாஸ்டிக்கை அழுத்தி வார்ப்பவை. அச்சுக்கான செலவே பெரிது. பல்லாயிரம் பெட்டிகள் விற்றால்தான் கட்டுப்படியாகும். நம் ஊர்த் தெருவில் ஓடிய வண்டிக்கு அவர்கள் அச்சு வெட்டுவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. வெளிநாட்டுக் கிட் வாங்குவதும் எளிதல்ல. சுங்க அட்டவணையில் அளவு குறைத்த மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023ல் 70 ஆனது.

கம்பெனி செய்யாததை ஆர்வலர்களே செய்துகொண்ட வரலாறும் ஜப்பானில் இருக்கிறது. 1980களில் அங்கே சிலர் வீட்டிலேயே சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, சிறு எண்ணிக்கையில் கிட் வார்த்தார்கள். 'கராஜ் கிட்' என்று அதற்குப் பெயர் வந்தது. அவர்கள் கூடி விற்பதற்காக 1985 முதல் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற சந்தை நடக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அனுமதி தரும் முறை. ஒரு பாத்திரத்துக்கோ படைப்புக்கோ உரிமை வைத்திருப்பவரிடம் சந்தையை நடத்துபவர்களே பேசி, அந்த ஒரு நாள் மட்டும் விற்க அனுமதி வாங்கித் தருகிறார்கள். சிறியவருக்கும் வழி கிடைக்கிறது, உரிமை வைத்திருப்பவருக்கும் மரியாதை கிடைக்கிறது.

நாமும் இப்படி ஒரு கிட் செய்வதென்றால் எந்த வண்டியில் தொடங்குவது? அம்பாசடரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அந்தக் காரைப் பிடிக்கும். ஆனால் அது கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பிறந்தது. 2014ல் உற்பத்தி நின்று, 2017ல் அந்தப் பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ குழுமத்துக்குப் போய்விட்டது. நான் கேட்பது நம் பக்கத்துக் காரை. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூரில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அந்தக் காரின் கதை கிட் செய்பவர்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் அது. இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். உடற்பகுதிகளைச் செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட, முழு உடலையும் ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லாமல் போனது. அதனால் தனியான அடிச்சட்டம் வைத்து, உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். துண்டு துண்டாக அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது. முன்பக்கம் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்னோக்கிச் சாயும். திறந்தால் எஞ்சின் முழுவதும் கண்முன் நிற்கும். மாடல் செய்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதோடு, நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் இரண்டு கதவுதான். ஏர்ஃபிக்ஸ் கூட டிரையம்ஃப் ஹெரால்டுக்கு 1:32 அளவில் கிட் போட்டிருக்கிறது. நம் நாலு கதவு ஹெரால்டுக்கு ஒரு கிட்டை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஹெரால்டின் நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். 1:24 அளவில் 16 சென்டிமீட்டர் சொச்சம். முதலில் நிஜ வண்டியை அளக்க வேண்டும். அளவை வைத்துக் கணினியில் முப்பரிமாணப் படம் வரைய வேண்டும். இதற்கு இலவச மென்பொருளே போதும். பிறகு ரெசின் 3டி பிரிண்டரில் மூலவடிவம் எடுத்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்சு. அச்சில் பாலியூரித்தேன் ரெசின் வார்ப்பு. ஓர் அச்சு சில பத்து வார்ப்புகள் தாங்கும். பிறகு கிழியத் தொடங்கும். நூறு பெட்டி போடுவதென்றால் இந்த முறையே பொருத்தம். கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி வடிவத்தில் படியவைக்க வேண்டும். நம்பர் பிளேட், முத்திரை எல்லாம் தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீக்கால். ரெசினைக் கலக்கும்போது கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். உலர்ந்த ரெசினைத் தேய்த்தால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடியை மறக்கவே கூடாது.

கணக்குப்படி மட்டும் சுருக்கினால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நிஜக் காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்றால் 1:24ல் அது 0.04 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. அப்படி யாராலும் வார்க்க முடியாது. உள்ளே தடிமன் வைத்து, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் இழைத்து மெல்லியதாகக் காட்ட வேண்டும். எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்று தெரிவதில்தான் செய்பவரின் கண் இருக்கிறது.

இத்தனையையும் ஒருவரே செய்வது கடினம். வேலையைப் பிரித்துச் செய்வது பட்டு நெய்யும் நம் ஆரணிக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. ஒரு பட்டுப்புடவைக்கு எத்தனை கை படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பட்டு முறுக்குகிறவர், சாயம் போடுகிறவர், பாவு தயார் செய்கிறவர், பழைய பாவின் இழையோடு புதுப் பாவை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறவர், கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பூவை வரைகிறவர், அந்தக் கட்டங்களைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறவர், கடைசியில் தறியில் உட்காருகிறவர். யாரும் முழுப் புடவையையும் தனியாகச் செய்வதில்லை. ஒருவர் ஓர் இழை தவறவிட்டாலும் அடுத்தவர் கையில் அது தெரிந்துவிடும். கட்டத் தாளிலிருந்து வடிவத்தைப் பிசகாமல் வேறொரு பொருளுக்கு மாற்றும் பழக்கம் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பட்டறைக்காரரும் பிரிண்டிங் பிரஸ்காரரும் கணினி வரைகலை படித்த பிள்ளைகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

நகல் எடுப்பதன் வலியும் நமக்குத் தெரியும். கரை வைத்த பட்டுப்புடவை போன்றவற்றைக் கைத்தறிக்கென்று ஒதுக்க வழிசெய்யும் சட்டம் 1985ல் வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படியிருந்தும் விசைத்தறி நகல் வந்து கைத்தறிக்காரரின் கூலியைத் தின்கிறது. கிட் உலகத்திலும் இதே திருட்டு நடக்கிறது. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்த கிட்டில் ஒன்றை வாங்கி, அதன்மேலேயே அச்சு எடுத்துப் பாதி விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். சிறு குழுக்கள் பல இதனால் மனம் விட்டுப் போயின. ஆகவே நாம் தொடங்கினால் முதல் நாளே சில விஷயங்களைப் பேசி எழுதிவைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பெட்டியின்மேல் அளந்தவர், வரைந்தவர், தேய்த்தவர், வார்த்தவர் எல்லோருடைய பெயரும் வர வேண்டும். மூலவடிவம் யாரிடம் இருக்கும், வரும் பணம் எப்படிப் பிரியும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். விற்பனைக்குப் போகும்முன் பெயர், முத்திரை உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். வேலை பிரிந்திருந்தும் பெயர் ஒருவருக்கே போவதை நம் தறிவீடுகள் நிறையப் பார்த்துவிட்டன. புதிதாக ஒன்று செய்யும்போது அதைத் திரும்பச் செய்யக் கூடாது.

இனி கோரிக்கை. உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் ஷெட்டிலோ நாலு கதவு ஹெரால்டு நிற்கிறதா? ஓடாவிட்டாலும் பரவாயில்லை, துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வந்து அளக்க அனுமதி தாருங்கள். பழைய கல்யாண ஆல்பத்தில் அந்தக் கார் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கறுப்பு வெள்ளைப் படமானால் காரின் நிறம் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். பேருந்து மாடல் செய்யும் தம்பிகள் உங்களால் எந்த வேலையை எடுத்துக்கொள்ள முடியும் என்று தெரிவியுங்கள். கிராஃப் போடும் பெரியவர்களையும் அழைக்கிறேன். கையால் வரைந்த வரைபடம் ஒன்று செய்முறைத் தாளில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

போதுமான அளவுகள் சேர்ந்ததும் காரின் நான்கு பக்கத் தோற்றத்தையும் 1:24 அளவில் இதழின் நடுப்பக்கத்தில் அச்சிடுகிறோம். பென்சிலால் அதன்மேலேயே திருத்தி அனுப்புங்கள். முக்கியமாகப் பின்கதவைப் பாருங்கள். இங்கிலாந்துப் புத்தகங்களில் அந்தக் கதவின் அளவு கிடைக்காது.

அன்புடன்,
ஆசிரியர்