முத்திரை வேற, பூட்டு வேற

வண்டிக்குக் காசு கொடுத்தது நாம, தவணை கட்டுறதும் நாம. ஆனா எஞ்சின்ல ஒரே ஒரு போல்ட்டை மட்டும் நாம கழட்டக் கூடாதுன்னு கம்பெனி முடிவு பண்ணி, எந்தக் கடையிலயும் ஸ்பானர் கிடைக்காத தலையை வச்சு அனுப்புது. இந்த அநியாயத்தைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்தேன் மக்கா.

2000-களில் நம்ம நாட்டுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ காரை எடுத்துக்குங்க. அதுல இருக்கிறது பாஷ் ரோட்டரி டீசல் பம்ப். டீசல் அளவை நிர்ணயிக்கிற பாகம் பம்ப் உடம்பு மேல உட்கார்ந்திருக்கும். அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகள்ல ஒண்ணு மட்டும் முக்கோணத் தலை. வருஷம் ஆக ஆக அடியில இருக்கிற ரப்பர் சீல் காய்ஞ்சு டீசல் கசியும். மாத்த வேண்டியது ஒரு ரப்பர் வளையம். மறிச்சுக்கிட்டு நிக்கிறது அந்த முக்கோணம்.

கம்பெனிக்காரன் பயமும் பொய்யில்லை. அந்தப் பாகம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் டீசல் அளவு மாறிடும். நம்மாளுங்க கையில சிக்கினா விடுவாங்களா? "கொஞ்சம் கூட்டி விடுங்கண்ணாச்சி, இழுவை பத்தல"ன்னு ஆரம்பிப்பாங்க. இழுவை கூடும், கூடவே கரும்புகையும். சூடு ஏறி பிஸ்டன் வெந்து போகும்.

சரி, அதுக்குப் பூட்டுதான் வழியா? கரிசக்காட்டுல பழைய டிராக்டர்கள்ல வந்த சிஏவி டிபிஏ பம்ப்பைப் பார்த்திருப்பீங்க. அதுல டீசல் அளவைத் திருத்துற இடம் பக்கவாட்டு மூடிக்கு உள்ளே. மூடி ஸ்க்ரூவுல கம்பியைக் கோர்த்து ஒரு ஈய சீல் அடிச்சிருப்பாங்க. அவ்வளவுதான். சாதாரண டூல் போதும், கம்பியை வெட்டினா திறந்துடலாம். ஆனா யாரோ கை வச்சிருக்காங்கன்னு அறுந்த சீல் காட்டிக் கொடுத்துடும். வாரண்டி கிடையாதுன்னு டீலர் சொன்னா அது நியாயம். முத்திரை நடந்ததைச் சொல்லுது, பூட்டு நம்மளைத் திருடனா பார்க்குது. என் சண்டை பூட்டோடதான்.

பூட்டு போட்டா மட்டும் நம்ம மேஸ்திரிங்க விட்டுடுவாங்களாக்கும் :-) முதல்ல பம்ப்பை டீசல் விட்டு நல்லாக் கழுவணும். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பிளஞ்சருக்கும் அது ஓடுற துளைக்கும் இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். நம்ம கரிசத் தூசி உள்ளே போனா பம்ப் காலி. அடுத்து, அளவுப் பாகத்துக்கும் உடம்புக்கும் குறுக்கே கூரான ஊசியால ஒரு கோடு. திரும்ப மாட்டும்போது கோடு கோட்டோட சேரணும். அப்புறம்தான் போல்ட். ஆக்ஸா பிளேடால தலையில ஒரு வெட்டு போட்டுத் திருப்புளியால திருப்பலாம். அசையலைன்னா உளியை ஓரத்துல சாய்ச்சு வச்சு, இடப்பக்கமா சுத்துற மாதிரி சின்னச் சின்னத் தட்டு. இரும்புத்தூள் விழாம சுத்தியும் துணி கட்டிக்கணும். தலை மேல நட்டை வச்சு வெல்டிங் பண்றதும், காஸ் வச்சுச் சூடாக்குறதும் வேற இடத்துக்கு நல்ல வைத்தியம். டீசல் கசியிற பம்ப் பக்கத்துல தீயே ஆகாது. திரும்ப மாட்டும்போது அதே மரையில சாதாரணத் தலை போல்ட்டைப் போட்டுடுங்க.

காருன்னா ரெண்டு நாள் பஸ்ல போய்க்கலாம். டிராக்டருக்கு அது ஆகாது. இங்க மானாவாரி, வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பு. மழை பெய்ஞ்ச உடனே கரிசல்ல கால் வைக்க முடியாது, அப்பிக்கும். காய விட்டா கட்டியாகிடும். நடுவுல பதம் நிக்கிற சில நாள்தான் உழவுக்கும் விதைப்புக்கும். அந்த நேரம் பார்த்து "டூல் எங்ககிட்ட இல்ல, திருநெல்வேலியில இருந்து வரணும்"னா உளுந்தை எங்க விதைக்கிறது?

இப்ப கதை இன்னும் மோசம். 2023 ஜனவரியில இருந்து 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டர்களுக்குப் புகைக்கட்டுப்பாடு இறுகிடுச்சு, எலக்ட்ரானிக் எஞ்சின் வந்தாச்சு. புகை குறையிறது நல்லதுதான், அதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா பூட்டு போல்ட்டுல இருந்து சாஃப்ட்வேருக்குப் போயிடுச்சு, அங்க ஆக்ஸா பிளேடு வேலைக்காகாது. அமெரிக்காவுல இதுக்காகவே ஜான் டியர் கம்பெனி மேல 2025 ஜனவரியில அரசு அமைப்பே வழக்குப் போட்டுச்சு. நம்ம மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில "பழுது பார்க்கும் உரிமை"க்குக் கமிட்டி போட்டப்போ விவசாயக் கருவிகளையும் பட்டியல்ல சேர்த்தாங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்தாங்க. தளம் இருக்கட்டும் சாமி, சட்டமா வரணும். எந்தத் தலை போட்டாலும் சரி, அதுக்கான டூலை உதிரிபாகக் கவுண்டர்ல விலை போட்டு விக்கணும்னு ஒரே ஒரு வரி போதும். வேணும்னா மேல ஒரு ஈய சீலும் அடிச்சுக்கட்டும்.