சீனர் திருமணமும் இரத்த உறவும்

சீனரின் பெருநாவல்களுள் ஒன்று ‘சிவப்பு மாளிகைக் கனவு’. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கதையின் நாயகன் பாவோயூ. அவன் மனத்தில் இருப்பவள் அத்தை மகள் தாய்யூ. பெரியவர்களோ சித்தி மகள் பாவோசாயை அவனுக்கு நிச்சயித்து விடுகின்றனர். மணநாளில் முகத்திரையை விலக்கிய பிறகே, தான் ஏமாற்றப்பட்டதை அவன் உணர்கிறான். இரு பெண்களுமே அவனுக்கு நெருங்கிய இரத்த உறவு. ஆனால் அதை ஒரு தடையாக அந்தக் குடும்பத்தில் எவரும் கருதவில்லை. பழைய சீனத் திருமண முறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

பெற்றோர் கட்டளையும் தரகர் சொல்லுமே அக்காலத்தில் திருமணத்தை முடிவு செய்தன. சடங்குகள் ஆறு. முதலில் பெண் கேட்டுக் காட்டு வாத்து ஒன்றைக் காணிக்கையாக அனுப்புவர். அடுத்துப் பெண்ணின் பெயரும் பிறந்த நேரமும் கேட்கப்படும். ஆண்டு, மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தாக எட்டு எழுத்துகள். இதுவே சீனரின் ஜாதகம். இருவர் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பொருத்தம் பார்ப்பர். எழுதிய சிவப்புத் தாளை முன்னோர் மாடத்தில் மூன்று நாள் வைத்திருப்பதும் உண்டு. அதற்குள் வீட்டில் கிண்ணம் உடைந்தாலோ சண்டை மூண்டாலோ பேச்சு நின்றுவிடும். சகுனம் நன்றாயின் சம்மதம் சொல்லி, சீர்வரிசை அனுப்பி, நாள் குறித்து, மாப்பிள்ளையே சென்று பெண்ணை அழைத்து வருவான்.

மணமகள் சிவப்புப் பல்லக்கில் வருவாள். மணமக்கள் வானையும் பூமியையும் வணங்கி, பெற்றோரை வணங்கி, பின் ஒருவரையொருவர் வணங்குவர். மாமனார் மாமியாருக்கு மணமகள் மண்டியிட்டுத் தேநீர் கொடுப்பாள். கட்டிலில் சீன இலந்தை, நிலக்கடலை, லோங்கான் பழம், தாமரை விதை ஆகியவற்றைத் தூவுவர். இவற்றின் சீனப் பெயர்களின் ஒலியைச் சேர்த்தால் ‘விரைவில் நன்மகவு பிறக்க’ என்று பொருள்படும்.

இத்தனைக்கும் முன் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: குடும்பப் பெயர் என்ன? ஒரே குடும்பப் பெயருடையோர் மணக்கலாகாது. மணந்தால் சந்ததி தழைக்காது என்பது பழைய நம்பிக்கை. தாங் வம்சத்துச் சட்டம் இதனை மீறியவர்க்கு இரண்டாண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை விதித்தது. நம்மவர் கோத்திரமும் பங்காளி முறையும் பார்ப்பது போன்றதே இது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் ஒரே கூடத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் உடன்பிறப்புக்குச் சமம். மாமன், அத்தை, சித்தி பிள்ளைகளுக்கோ வேறு குடும்பப் பெயர். அவர்கள் ‘வெளி’ உறவினர், அவர்களை மணக்கலாம். உறவின்மேல் உறவு என்று அதனைப் பாராட்டவும் செய்தனர். நம்மிடையே மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். சித்தி மகள் தங்கை என்பது மட்டுமே வேறுபாடு.

ஆனால் குடும்பப் பெயர் தந்தை வழியை மட்டுமே காட்டும். ஆயிரம் மைலுக்கு அப்பால் பிறந்த இரு ‘வாங்’ குடும்பத்தாரிடையே பல நூற்றாண்டுகளாக எந்த இரத்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். சித்தப்பா மகளாயினும் மாமன் மகளாயினும் பரம்பரைக் கூறுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. அக்காள் மகளிடம் அது நான்கில் ஒரு பங்கு. குறையுள்ள கூறுகள் சில எல்லோரிடமும் மறைந்திருக்கின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதே குறை வந்தால் குழந்தைக்கு நோய் வரும். தென்சீனத்திலும் இந்தியரிடையிலும் காணப்படும் தலசீமியா என்னும் இரத்தசோகை இவ்வகையே. சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் மணங்களில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

சீனாவில் 1950-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் கட்டாய மணத்தை ஒழித்தது. வெளி உறவினர் மணத்தை மட்டும் வழக்கத்திற்கே விட்டது. 1980-இல் இயற்றிய சட்டம் ஒரே பாட்டன் பாட்டி வழி வந்தோர் மணப்பதைத் தடை செய்தது. 2021-இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டமும் அதையே தொடர்கிறது. ஒரே குடும்பப் பெயருக்கோ இன்று சட்டத்தில் தடையில்லை. முன்பு விலக்கியது இன்று கூடும். முன்பு கொண்டாடியது இன்று கூடாது. ஆயினும் சிவப்பும் தேநீரும் பெரியோர் வணக்கமும் போய்விடவில்லை. முறை மாறியதால் பண்பாடு அழியவில்லை.

உறவில் மணந்து நல்வாழ்வு வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களைக் குறை சொல்வது அறியாமை. ஆனால் இனி மணம் பேசுவோர், குறிப்பாக உறவுக்குள் பேசுவோர், ஜாதகம் மாற்றும்போதே இரத்தப் பரிசோதனைக்கும் இணங்குவது நலம். இரு வீட்டிலும் சிறு வயதில் இறந்த குழந்தைகள் உண்டா, பரம்பரை நோய் உண்டா என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும். பத்துப் பொருத்தம் பார்க்கும் பெரியோர் பதினோராவதாக இதையும் பார்த்தால், பிறக்கப் போகும் குழந்தை அவர்களை வாழ்த்தும்.